உயிரோடிருந்தபோது நிறம்

"செவப்பா? யாரு தங்கச்சி செவப்புன்னு சொன்னது?"

"ஜாடியில அப்படித்தானேண்ணே இருந்துச்சு."

"அது என் துண்டுச் சாயம்ல!" என்று சுருளி சிரித்தார். "கப்பல் ஆடுன ஆட்டத்துல நச்சத்திர மீனுக்குக் கை ஒடிஞ்சிரும்னு, வீட்டுக்காரி அன்னக்கொடி குடுத்துவிட்ட சுங்குடித் துண்டுல சுத்தி ஸ்பிரிட்டுல போட்டேன். கரையில எறங்குனதும் துண்ட உருவிட்டேன். இல்லாட்டி அவ என்னைய வீட்டுக்குள்ள விட்டிருப்பாளா?"

"அப்ப உயிரோட இருந்தப்ப என்ன நிறம்ணே?"

"உரிச்ச பனங்கெழங்கு நெறம். வலையோட மேல வந்தப்ப அம்புட்டு அழகு!"

கையிலிருந்த அச்சுப்படியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். பசுமலையில் எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அப்போது நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். 1998ஆம் வருடம்.

சுருளி கொட்டாம்பட்டிக்காரர். அண்டார்டிகாவுக்குப் போன கப்பலில் வலை இழுக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்கும் மெக்கானிக். பழுது பார்த்த இயந்திரத்தைச் சோதிக்க அவர் இழுத்த வலையில் ஒரு நட்சத்திர மீன் ஒட்டிக்கொண்டு வந்தது. அது என் பேராசிரியர் சீதாராமன் சாருக்கு வந்து சேர்ந்தது. சார் என்னிடம் கொடுத்தார். இரண்டு வருடம் அதன் முட்களையும் உடம்பின் சிறு தட்டுகளையும் உருப்பெருக்கியில் எண்ணி, புதிய இனம் என்று கட்டுரை எழுதினேன். வெளிநாட்டு இதழ் ஏற்றுக்கொண்டு, சரிபார்க்க அச்சுப்படி அனுப்பியிருந்தது. அதற்குச் சுருளியின் பெயரையே வைத்திருந்தோம். அச்சில் அதைப் பார்க்கத்தான் அன்று அவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

புதிய இனத்தை விவரிக்கும்போது 'உயிரோடிருந்தபோது நிறம்' என்று ஒரு வரி எழுத வேண்டும். ஸ்பிரிட் சில மாதங்களில் நிறத்தை உறிஞ்சிவிடும். அதனால் பிடித்தவரிடம் கேட்டுத்தான் எழுதுவது வழக்கம். சுருளிக்குக் கடிதம் போடச் சொல்லியிருந்தார் சார். நான் போடவில்லை.

"கேட்டியா ஸ்ரீலட்சுமி?" என்றார் ஒருநாள்.

"கேட்டேன் சார். சிவப்புன்னு எழுதியிருக்கார்."

அந்த நாட்களில் நான் நூலகத்திலிருந்து குளிர்தேச நாவல்களின் மொழிபெயர்ப்புகளாக எடுத்துவந்து படித்துக்கொண்டிருந்தேன். மதுரை வெயிலில், பக்கத்துக்குப் பக்கம் பனி. அந்த வெண்மைக்கு அடியில் கரிய கடலும், அதன் தரையில் ரத்தச் சிவப்பில் ஒரு நட்சத்திரமும் எனக்குத் தெரிந்தன. கடிதம் போட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லலாம். அதுவும் முடியாது. என் அப்பா சாயக்காரர். புதுச் சுங்குடியின் முதல் அலசலில் இறங்கும் சிவப்பை எங்கள் வீட்டுச் சாக்கடையில் பார்த்து வளர்ந்தவள் நான். முதல் நாள் ஜாடியைத் திறந்தபோது ஸ்பிரிட்டில் அதே சிவப்புதான் கரைந்து நின்றது. பார்த்தேன். மூடியைத் திருகி வைத்துவிட்டேன்.

நிறம் பற்றிய அந்த வரி, போனால் போகட்டும் என்று விடக்கூடியதும் அல்ல. அதே கடலில் வெளிர்மஞ்சளாக, சுருளி சொன்ன அதே பனங்கிழங்கு நிறத்தில், ஓர் இனம் முன்பே உண்டு. முட்கள் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் நிறத்தையே முதலாவதாக எழுதியிருந்தேன். அது போனால் புதிய இனம் என்பதே நிற்காது. என் முனைவர் பட்டமும்.

சுருளி அச்சுப்படியைத் திருப்பி, எண்ணெய்க் கறை போகாத விரலை ஒரு சொல்லின் மேல் வைத்தார்.

"இதுவாம்மா எம்பேரு?"

"ஆமாண்ணே. லத்தீன்ல ஒரு வால் ஒட்டியிருக்கு."

"இருந்துட்டுப் போகுது. ஊருல எம்பேரச் சொன்னா டீசல் நாத்தம்னு மூக்கப் பொத்துறாய்ங்க. மாமனார்ட்ட இதக் காட்டணும்."

"சிவப்பு இல்லைன்னா உங்க பேரும் போயிரும்ணே" என்றேன்.

சொன்னதுமே காது மடல்கள் எரிந்தன. அவர் பெயரைப் பற்றியா எனக்குக் கவலை?

அவர் விரலை எடுத்துக்கொண்டார். "அப்ப, கேக்காமயே எழுதிட்டியா தங்கச்சி?"

கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கீழே சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அன்றே அவர் கையெழுத்திட்டு அச்சுப்படியைத் தபாலில் சேர்க்க வேண்டும். சுருளியைக் கண்டதும் அந்தச் சிவப்பைப் பற்றித்தான் ஆசையாகக் கேட்பார். படிகளில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

"அண்ணே" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சார் கேட்டா செவப்புன்னே சொல்லிருங்கண்ணே. நான் லெட்டர் போட்டேன்னும் சொல்லிருங்க."