கொடி நட்ட கூடுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், கோல்டர் என்கிற ஊரில் இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். முட்டிவலித் தைலம் வாங்க வந்த டார்சி லவாலே கல்லாவுக்கு எதிரே நின்றபடி, "மார்லிஸோட நாலு வருஷ வேலையக் கெடுத்தது நான்தான். எழுதணும்னா எழுதிக்கோங்க, பேரை மட்டும் மாத்திடாதீங்க" என்றான்.

தன் தப்பைச் சொல்லிவிட்டு, பேரை மாற்றாதே என்று கேட்கிற ஆளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். இவர்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கதை நெடுக அது எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்குவது?

'எல்லையில்லாப் புல்வெளியில் காற்று கடலலையைப் போல—'

சீ, வேண்டாம். இங்கே இருக்கிறவர்கள் யாரும் புல்வெளியைக் கடல் என்று சொல்வதில்லை. புல் எத்தனை விரற்கடை வளர்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

'நாற்பத்தொரு வயதான மார்லிஸ் ஹ்ரின்கிவ்—'

வயது எதற்கு? நாளைக்கு அவள் கடைக்கு வரவேண்டும்.

'மார்லிஸ் கயிற்றை இழுத்தாள்.'

இது இருக்கட்டும்.

2

மார்லிஸ் கயிற்றை இழுத்தாள். முப்பது தப்படி நீளக் கயிறு. ஒரு முனை அவள் கையில், மறுமுனை உதவிக்கு வந்த பல்கலைக்கழகப் பெண்ணின் கையில். இரண்டு பேரும் கயிற்றின் நீளத்துக்கு விலகி இணையாக நடக்க, அது புல்நுனியைத் தடவிக்கொண்டே போகும். அடைகாக்கிற பறவை பயந்து எழும். எழுந்த இடத்தில் குனிந்து பார்த்தால் புல்லுக்குள் கிண்ணம் மாதிரி ஒரு கூடு, நாலைந்து முட்டை. கூட்டிலிருந்து ஐந்து தப்படி தள்ளி, மெல்லிய கம்பியில் ஓர் ஆரஞ்சுக் கொடி நடுவாள். மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து, குஞ்சு பொரித்ததா, பறந்ததா, மிதிபட்டதா என்று குறிப்பாள். நான்கு கோடையில் இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகள். பெரும்பாலும் நெட்டைக்காலி.*

[* சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, மண் நிறப் பறவை. ஆண் உயரே ஏறி, கண்ணுக்கே எட்டாத இடத்தில் நின்று மணிக்கணக்காகப் பாடும். தரையில் இருக்கிற நமக்குக் கழுத்து வலிக்கும். அதற்கும் என் கடையில் தைலம் உண்டு.]

பறவை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கு இவ்வளவு பாடு எதற்கு? கோல்டருக்குத் தெற்கே நாற்பது குடும்பங்களின் மாடுகள் சேர்ந்து மேய்கிற பொது நிலம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஏர் ஏறாத புல் அங்கேதான் மிச்சம். மற்றதெல்லாம் கோதுமையாகிவிட்டது. நெட்டைக்காலிகள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன, மாடுதான் கூட்டை மிதிக்கிறது, மாட்டை வெளியேற்று என்று ஒரு கூட்டம் சொன்னது. மார்லிஸின் ஆய்வு வரட்டும், பிறகு குத்தகையை நீட்டிப்பதா என்று முடிவு செய்கிறோம் என்றது நிலத்தின் சொந்தக்காரரான மாகாண அலுவலகம். மாடு போனால் அந்தக் குடும்பங்களில் பாதி ஊரைக் காலி செய்யவேண்டியதுதான்.

மார்லிஸின் அப்பாவுக்கும் அங்கே அறுபது மாடு. 'மாட்டுக்காரன் மகள் வேறென்ன எழுதுவாள்' என்று ஒருவர் வாய் திறந்துவிடக்கூடாது என்பதற்காக அவள் ஒவ்வொரு கூட்டையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். நிலத்தில் பாதிக்கு வேலி, பாதியில் மாடு. நான்கு வருஷ முடிவில் இரண்டு பக்கமும் குஞ்சுகள் கிட்டத்தட்ட ஒரே அளவு பிழைத்திருந்தன. மாட்டால் கெடுதல் இல்லை! ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. அவள் மட்டும் சும்மாவா இருந்தாள்? அந்த வாரம் அவள் நடையே தனி.

3

அக்டோபரில் மாடு பிரிக்கிற நாள். அவரவர் மாட்டை அவரவர் ஓட்டிப்போக எல்லாக் குடும்பமும் வந்து சேரும். பட்டிக்கு வெளியே நீள மேசையில் சாப்பாடு. குதிரையேறி அந்த நிலத்து மாடுகளை மேய்க்கிற மூன்று பேரில் டார்சி ஒருவன். பள்ளியில் மார்லிஸின் வகுப்புத் தோழன். அவள் சஸ்கட்டூன் பழ கேக்கோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்து அமர்ந்தான்.

"என்ன டாக்டரம்மா, நம்ம மாடெல்லாம் பாஸாமே?"

"பாஸ்தான்டா. உன் கணக்குப் பரீட்சையவிட நல்ல மார்க்கு."

"பின்ன? நாங்க என்ன சும்மாவா இருந்தோம்?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"உன் கொடி ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், மாட்ட அந்தாண்ட ஒதுக்கிடுவோம். மூணு பேரும். நாலு வருஷத்துல ஒரு கொடியத் தாண்ட விட்டிருப்போமா? கேளு!"

அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. மார்லிஸின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது.

"எல்லாக் கொடியுமா?"

"எல்லாக் கொடியும்தான். உன் வேலையாச்சே."

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். அவள் என்ன செய்தாள்?

(அ) தட்டைத் தூக்கி எறிந்து கத்தி—
(ஆ) எழுந்து வண்டிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு—

இரண்டையும் எழுதி இரண்டையும் கிழித்தேன். டார்சி சொன்னது வேறு. அவள் மிச்சக் கேக்கை முழுக்கச் சாப்பிட்டாள். தட்டை ஓரமாக வைத்தாள். "போடா, உன்னப்போல மடையன் உலகத்துல இல்ல" என்றாள். "ஆனா உன்னைவிடப் பெரிய மடச்சி நான்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கப் பல நாள் ஆனது. இந்த ஊரில் கொடி என்றால் 'ஒதுங்கிப் போ' என்று அர்த்தம். தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் போகிறதா, கொடி. குதிரையின் கால் சிக்குகிற வளைக்கரடிப் பொந்தா, கொடி. வெளியூரிலிருந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்திருந்தால் முதல் நாளே குதிரைக்காரர்களைக் கூப்பிட்டு, கொடியைக் கண்டால் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லியிருப்பார். மார்லிஸுக்கு அது தோன்றவே இல்லை. இவர்கள் அவளுடைய ஆட்கள். கொடியை மதிப்பது அவளுக்கும் மூச்சுவிடுகிற மாதிரி. நான்கு வருஷமாக அவள் அளந்தது மாடு மேய்ந்த புல்லை இல்லை, மூன்று பேர் காவல் காத்த புல்லை.

4

அடுத்த வாரம், பனித்தரையில் கல் தள்ளி ஆடுகிற கர்லிங் மைதானத்துக் கூடத்தில் மேய்ச்சல் சங்கக் கூட்டம். ஆய்வறிக்கை இன்னும் அலுவலகத்துக்குப் போகவில்லை.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அப்படியும் ஒன்று எழுதிப் பார்த்தேன், இரண்டு பக்கம். கதை ஜோராகத்தான் வந்தது. நாற்பது குடும்பம் பிழைத்தது, அவளுக்கு மட்டும் தூக்கம் போனது, அது இது என்று. ஆனால் அது மார்லிஸ் இல்லை. கடையில் ஒரு டாலர் கூடுதலாகச் சில்லறை வந்துவிட்டால் பனியில் திரும்ப நடந்துவந்து கொடுக்கிறவள் அவள்.

சங்கத் தலைவி வெர்னா ஓஸ்ட்பி, "நம்ம ஊர்ப் பொண்ணு, நம்ம டாக்டர்" என்று சொல்லிக் கைதட்ட வைத்தாள். மார்லிஸ் கைதட்டல் ஓயும்வரை நின்றாள். பிறகு கொடி விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். டார்சியின் பேரைச் சொல்லவில்லை. பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னாள்.

வெர்னாவின் முகம் சுருங்கியது. "அப்போ மாடு மிதிச்சிருக்கும்ங்கிறியா?"

"தெரியாதுங்கிறேன், வெர்னாக்கா."

"தெரியாதுன்னு எழுதிக் குடுத்தா நிலம் போயிரும்டி."

"போகலாம். இன்னும் ரெண்டு கோடை தாங்கன்னு கேக்கப்போறேன். இந்தத் தடவை கொடி கிடையாது, கூடு இருக்கிற இடம் என் கருவியில மட்டும் இருக்கும். யாரும் எந்த மாட்டையும் திருப்பக் கூடாது. குருவிக்கு மாடு ஆகாதுன்னு வந்தா, அதையும் நான்தான் எழுதுவேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "உங்கப்பா மாடும் அங்கதானம்மா மேயுது?"

"ஆமா. அதுக்குத்தான் சொல்றேன்."

டார்சி எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். "மாட்டத் திருப்பினது நான். மத்த ரெண்டு பேரும் என்னைப் பாத்துச் செஞ்சாங்க. நல்லதுன்னு நெனச்சேன். இனிமே என் கை அசையாது" என்றான்.

வெர்னா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இவ எழுதுறதுக்கு அடியில சங்கம் கையெழுத்துப் போடுதா, இல்லையா? கையத் தூக்குங்க."

முதல் கை மார்லிஸின் அப்பாவுடையது. பிறகு ஒன்று, மூன்று, பத்து. நிலம் போனால் மாட்டை விற்றுவிட்டு நகரத்துக்குப் போகவேண்டியவர்கள் அதில் பாதிப் பேர். ஒரு கைகூடக் கீழே இல்லை. எனக்கு மாடும் கிடையாது, ஓட்டும் கிடையாது, காப்பி குடிக்கப் போனவன். என் கையும் மேலே இருந்தது. வெர்னா பார்த்தாள், சிரிக்கவில்லை.

உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்திலாவது இப்படி ஒரு கூட்டம் நடந்திருக்குமா? நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் நம்பமாட்டேன்.

5

அலுவலகம் இரண்டு கோடை கொடுத்தது.

இது முதல் கோடை, ஜூன் மாதக் காலை. டார்சி குதிரைமேல் இருக்கிறான். முன்னால் முப்பது மாடுகள் மெதுவாகத் தண்ணீரை நோக்கிப் போகின்றன. முதல் மாட்டுக்கு இரண்டு தப்படி முன்னே புல்லிலிருந்து ஒரு பறவை விருட்டென்று எழுகிறது. கொடி எதுவும் இல்லை. கொடி எதற்கு? நான்கு வருஷம் காவல் காத்தவனுக்கு அது எப்படி எழும், எங்கிருந்து எழும் என்று அத்துப்படி. லேசாக ஒரு விசில் போதும், மாடு ஒதுங்கிவிடும்.

இதுவரைதான் டார்சி சொன்னான். "அப்புறம்?" என்று கேட்டேன். "அது மார்லிஸ் நோட்டுல இருக்கு" என்று தைலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் ஐந்து முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மாடு தும்மிக்கொண்டு விலகிப்போனது. ஒன்றில் குதிரை கனைத்து மாடு மிரண்டது. இன்னொன்றில் குளம்பு கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. எழுதி முடித்துப் படித்தபோதுதான் உறைத்தது: ஐந்திலும் கூடு பிழைத்திருந்தது. எது வந்தாலும் அவள் எழுதட்டும் என்று கூடத்தில் கை தூக்கியவன்தானே நானும்? ஐந்தையும் கிழித்துப் போட்டேன்.

ஆகவே இந்த இடத்தில் நான் இறங்கிக்கொள்கிறேன். புல்லுக்குள் நான்கு முட்டைகள். மாடு முன்னங்காலைத் தூக்கியிருக்கிறது. டார்சி இரண்டு கையையும் சேணத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறான். மீதி உங்கள் பொறுப்பு. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மாட்டைத் திருப்பிவிடாதீர்கள்.