முட்டுவதற்கு முன்

ரக்பி லீக்கில் முன்வரிசைக்காரன் எப்படி ஓட வேண்டும் என்று செல்லக்கண்ணு அண்ணன் தொண்டை கிழியக் கத்துவார். சிட்னியில் ஆலை வேலை பார்த்தபோது பழகிய ஆட்டத்தை ரங்கூனுக்குக் கொண்டு வந்தவர். பிடிக்க வருகிறவன் மேல் வேகம் குறையாமல் தோளால் முட்ட வேண்டும்; விழுந்தால் சட்டென்று எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்ட வேண்டும். நானோ முட்டும் நேரத்தில் தயங்கிவிடுவேன்.

"வலிக்குமேன்னு நெனைக்கிறே, ரிஹான்" என்பார்.

வலிக்காமல் என்ன செய்யும்? எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த ஞாயிறு காலை ரங்கூன் லான்மடா பேட்டையில் எங்கள் வீடு நிறையத் துக்கம் கேட்க வந்தவர்கள். ஆளாளுக்குத் தேநீரை நீட்டினார்கள். தாங்காமல் மைதானத்துக்கு வந்துவிட்டேன். அப்போது எங்களிடம் செல்போன் கிடையாது. ஊரின் மறுகோடியில் பசுந்தாங்கில் இருந்த செல்லக்கண்ணு அண்ணனுக்குச் சேதி போகவில்லை. நானும் சொல்லவில்லை.

பந்தை வாங்கி ஓடினேன். எதிரே என்னைப் பிடிக்க எங்கள் அணியின் கோ அவுங் நின்றான். முந்தின நாள் சவப்பெட்டியான சந்தூக்கைச் சுமந்து கன்றிப்போன தோளாலேயே முட்டினேன். அடக்கம் செய்யும் கபரஸ்தான் போகும்வரை ஆள் மாற்றி ஆள் தோள் கொடுப்பதுதான் வழக்கம். நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கோ அவுங் மல்லாந்து விழுந்தான். வலி வருமென்று பார்த்தேன். வரவில்லை. மறுபடியும் ஓடினேன்.

அண்ணன் வந்து முதுகில் தட்டினார். "இதுதான்டா ஓட்டம்! நேத்து வரைக்கும் இதை எங்கடா வச்சிருந்தே?"

"நேத்து வரைக்கும் வாப்பா இருந்தாங்கண்ணே" என்றேன்.