மூன்றாவது மூக்கின் கையெழுத்து

அன்று காலை பத்து மணிக்குக் கூட்ட அறையில் இருந்தவர்கள்: ஆய்வை நடத்திய டாக்டரம்மா. எண்களைக் கவனித்துக்கொண்ட புள்ளிக்காரர். குப்பிகளுக்கும் அலமாரிச் சாவிகளுக்கும் காவல் இருந்த மருந்தாளர் அம்மாள். எண்ணெய் வடிக்கும் கொட்டகையின் பொறுப்பாளர், ஊரே மூக்கர் என்று கூப்பிடும் மனிதர். மேசை நடுவில் அரக்கு வைத்து ஒட்டிய ஓர் உறை. அதன் மேல் ஒரு கத்தரிக்கோல்.

மூக்கர் வந்திருந்தார். மூக்கு வரவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் போனது போனதுதான், திரும்பவில்லை. அந்த அறையில் இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

உறைக்குள் இருந்தது, யாருக்கு எந்த எண்ணெய் கிடைத்தது என்ற பட்டியல். பதினாறு மாதமாக, அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும் நோயாளிகளுக்குக் குமட்டல் வந்தால், புதினா எண்ணெய் தொட்ட பஞ்சைப் பத்து நிமிடம் மூக்கருகே பிடிக்கக் கொடுத்தார்கள். மொத்தம் இருநூற்று நாற்பது பேர். பாதிப் பேருக்கு முழு எண்ணெய். மீதிப் பேருக்குப் போலி. போலி என்றால் தண்ணீர் இல்லை. அதே எண்ணெயைத் திரும்பத் திரும்ப உறையவைத்து, மெந்தால் படிகங்களை வடிகட்டி எடுத்துவிட்டது. வாசம் இருக்கும், மெந்தால் இருக்காது. வயிற்றை அடக்குவது வாசமா, மெந்தாலா என்பதுதான் கேள்வி. யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது, நர்ஸுக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால், நல்லதைப் பெற்றவர் தெம்பாகிவிடுவார், போலியைப் பெற்றவர் சோர்ந்துவிடுவார். மனசு போகிற வழியில் வயிறும் போகும். பிறகு எண்ணெய் என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் ஒரு விதி. ஆய்வு தொடங்கும் முன் மூன்று பேர் தனித்தனியாக, வெளி வாசம் எதுவும் புகாத மண அறைக்குள் போய் இரண்டையும் முகர்ந்து பார்க்க வேண்டும். மூவரும் 'வித்தியாசம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டால்தான் போலி செல்லும். முதல் மூக்கு டாக்டரம்மா. இரண்டாவது மருந்தாளர் அம்மாள். மூன்றாவது இவர்.

அன்று நடந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எண்ணெய் தொட்ட காகிதப் பட்டையை மூக்கருகே கொண்டுபோனார். வாசம் எதுவும் இல்லை; ஆனால் மூக்கின் உள்ளே ஊசி போலக் குளிர் ஏறியது, மெந்தாலின் குளிர். இரண்டாவது பட்டையில் வாசமும் இல்லை, குளிரும் இல்லை. வெறும் காகிதம். கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லிவிடலாம், எது எது என்று. முன்னால் போன இரண்டு பேரும் நல்ல மூக்கோடு போய் வித்தியாசம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். கெட்டுப்போன மூக்கை வைத்துக்கொண்டு நாம் என்ன பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தார். அதைவிடப் பெரிதாக ஒன்றை நினைத்தார்: எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். அங்கிருந்து நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும்.

கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு சமாளிப்பது கஷ்டமாக இல்லை. ஒவ்வொரு வடிப்புக்கும், எண்ணெயில் எது எவ்வளவு என்று இயந்திரம் ஒரு வரைபடம் தரும். அதை முதலில் பார்த்துக்கொள்வார். பிறகு பட்டையை முகர்ந்து, கண்ணை மூடி, தலையை இரண்டு தரம் ஆட்டி, வரைபடத்தில் பார்த்ததையே சொல்வார். அடேயப்பா என்பார்கள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் எல்லாம் கெட்டது. மச்சினி வந்திருந்தாள். நாலு மாதம் முன்பு பித்தப்பையில் கல் எடுத்தவள், இதே ஆய்வில் பஞ்சு பிடித்தவள். சமையலறையில் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி மாடியிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"பால் தீஞ்சு தெருக்கோடி வரைக்கும் நாறுது. நீங்க பக்கத்துல உட்கார்ந்து தலையங்கம் படிக்கிறீங்களா?"

"மூக்கர்னு பேர் வச்சவனைக் கூட்டிட்டு வாங்க, நான் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றாள் மச்சினி.

"கவனிக்கல" என்றார்.

"அந்தக் காய்ச்சல் வந்ததுலேருந்து ஒன்றரை வருஷமா கவனிக்கல" என்றாள் மனைவி, கரிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியபடி. "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களாக்கும். போன மாசம் கேஸ் கசிஞ்சப்பவே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு விட்டேன்."

அவர் பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

மச்சினிக்கு இதெல்லாம் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி பேச்சை மாற்றினாள். "மூக்குன்னதும் ஞாபகம் வருது. உங்க ஆஸ்பத்திரியில எனக்குப் போலியைத்தானே குடுத்து ஏமாத்தினீங்க மாமா?"

"அது எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

"பிடிச்ச உடனே நல்ல புதினா வாசம். எனக்கும் அதே, பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்கும் அதே. அஞ்சு நிமிஷத்துல மூக்குக்குப் பழகிப்போய் வாசமே தெரியல. அந்தம்மா மட்டும், 'இன்னும் ஜில்லுன்னு இறங்குதுடி'ங்கறாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, வெறும் பஞ்சு. சரிதான், நமக்கு வாய்ச்சது போலின்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதும் இருந்த குமட்டல் ரெண்டு மடங்காச்சு."

மூக்கர் பேப்பரைக் கீழே வைத்தார். மண அறையில் முகர்வது இரண்டு நொடி. புது மூக்குக்கு வாசம் முந்திக்கொண்டு வந்து குளிரை மறைத்துவிடும். நோயாளி பிடிப்பதோ பத்து நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் யாருடைய மூக்கும் களைத்துப்போய் அவர் மூக்கு மாதிரி ஆகிவிடும். அப்புறம் மிச்சம் இருப்பது குளிர் ஒன்றுதான். அதை அன்றைக்கே கண்டுபிடித்த ஒரே ஆள் அவர். 'வித்தியாசம் இல்லை' என்று எழுதியவரும் அவர்.

"நாளைக்கு உறை வெட்டறாங்க" என்றார்.

"அப்ப அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா வேலை?"

"போனா போகட்டும். தீயற வாசனையைச் சொல்ல வீட்டுக்கு ஒரு மூக்கு போதும். அது என்கிட்ட இருக்கு."

இப்போது கூட்ட அறையில் புள்ளிக்காரர் குஷியாக இருந்தார். "ஒரு கூட்டத்துல முப்பத்தெட்டு பேர் வாந்தி. இன்னொண்ணுல எழுபத்தொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல லாரி போகும் டாக்டர். எது எதுன்னு உறை சொல்லிட்டா முடிஞ்சது."

டாக்டரம்மா கத்தரிக்கோலை எடுத்து மூக்கர் பக்கம் நீட்டினாள். "நீங்க வெட்டுங்க. எண்ணெய் உங்க கையில பிறந்தது."

அவர் கத்தரிக்கோலை வாங்கினார். உறையைத் தொடவில்லை.

"வெட்டக் கூடாது டாக்டர்."

"நல்ல நேரம் பார்க்கறீங்களா?" என்று புள்ளிக்காரர் சிரித்தார்.

"எனக்கு வாசம் தெரியாது. ஒன்றரை வருஷமாச்சு. போலி செல்லும்னு நான் போட்ட கையெழுத்து பொய். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ஒண்ணு குளிரும், ஒண்ணு குளிராது. எனக்கு அன்னிக்கே தெரியும். நோயாளிங்களுக்கும் தெரிஞ்சிருக்கு."

சிரிப்பு நின்றது. மச்சினி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். மருந்தாளர் அம்மாள் தன் சாவிக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்குச் சொல்லியிருந்தா ஒரு வாரத்து வேலை. இன்னிக்குப் பதினாறு மாசம்."

"ஆமா."

"ஆமான்னா?"

"வேற என்ன சொல்றது டாக்டர்? ஆமாதான்."

"நாளைக்குச் சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருக்கும்? இன்னிக்கு ஒரு நாள் நிம்மதியா இருந்திருப்போம்" என்றார் புள்ளிக்காரர்.

"நாளைக்கு உறை திறந்திருக்கும். பட்டியலைப் பார்த்துட்டுக் கதை அவிழ்த்து விடறான்னு நீங்களே சொல்வீங்க."

டாக்டரம்மா எழுந்தாள். "எனக்குக் கதை வேண்டாம். சோதிச்சுக் காட்டுங்க."

மண அறை நடைபாதைக் கடைசியில் இருந்தது. வெள்ளை ஓடு, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஜன்னல் கிடையாது. சோப்புப் போட்டுக் கை கழுவியவர் ஒரு மணி நேரத்துக்கு உள்ளே போகக் கூடாது. மருந்தாளர் அம்மாள் பத்துப் பட்டைகளைத் தயார் செய்து எண் போட்டு வைத்தாள். மூக்கர் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். பத்தில் பத்து. டாக்டரம்மா போனாள். பத்தில் ஐந்து; காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

"இப்ப பஞ்சு குடுங்க" என்றாள். "எதுன்னு சொல்லாதீங்க."

பத்து நிமிடம் ஆனது. வெளியே மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. புள்ளிக்காரர் ஒரு தரம் கொட்டாவி விட்டார். பயந்தால் அவருக்குக் கொட்டாவி வரும்.

டாக்டரம்மா பஞ்சோடு வெளியே வந்தாள். "ஆறாவது நிமிஷத்துல வாசம் போச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. இது மெந்தால் எடுத்தது."

மருந்தாளர் அம்மாள் தன் சீட்டைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

புள்ளிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "உறை இன்னும் மூடித்தானே இருக்கு. இருநூத்தி நாற்பது பேருக்கும் போன் போட்டு, உங்களுக்குக் கிடைச்சது நிஜ எண்ணெயா, போலியான்னு கேட்போம். எத்தனை பேர் சரியா கண்டுபிடிச்சாங்கன்னு தெரிஞ்சுக்கலாம். திறந்துட்டுக் கேட்டா, நாம விரும்பற பதிலைத்தான் கேட்டு வாங்கினோம்னு சொல்லிடுவாங்க." லாரி போகிற இடைவெளியைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

டாக்டரம்மா உறையை மருந்தாளர் அம்மாளிடம் கொடுத்தாள். "அலமாரியில வச்சிடுங்க." பிறகு மூக்கரிடம் திரும்பினாள். "மூக்குப் பட்டியல்ல உங்க பேர் இனிமே கிடையாது. மண அறைச் சாவியைக் குடுத்துடுங்க. கொட்டகையில இருக்கறதா வேண்டாமான்னு நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. நடந்ததை எழுதிக் குடுங்க, உங்க கையெழுத்தோட."

"போடறேன்."

"இந்தத் தடவை படிச்சுப் பார்த்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புள்ளிக்காரர் பின்னாலேயே ஓடினார்.

மூக்கர் தன் வெள்ளை மேலங்கியை எடுக்க மண அறைக்குள் போனார். கொக்கியில் மாட்டியிருந்த அதை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். மருந்தாளர் அம்மாள் வாசலில் நின்றாள்.

"ஒண்ணு கேட்கலாமா சார்? இத்தனை நாளா இந்த ரூமுக்குள்ள வந்து என்னதான் செஞ்சீங்க?"

"நிம்மதியா உட்கார்ந்திருந்தேன். வேற எங்க போனாலும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வாசம் வருது, எனக்கு வரல. இங்க யாருக்குமே எதுவும் வராது."

"ஆமா, அதுக்குத்தானே இப்படிக் கட்டியிருக்கு" என்றாள் அவள். கை நீட்டினாள்.

வளையத்திலிருந்து சாவியைக் கழற்றுவதற்குள் நகம் மடங்கியது. கொடுத்தார். வெளியே வந்து கொட்டகைப் பக்கம் நடந்தார். அங்கே கொதிகலனை யாராவது பார்த்தாக வேண்டும். அதற்கு வெப்பமானி போதும். மருந்தாளர் அம்மாள் மண அறை விளக்கை அணைத்தாள், கதவை இழுத்துச் சாத்தினாள், அவர் கொடுத்த சாவியாலேயே பூட்டினாள்.