கனமாகத் தொடங்கிய கன்று

டாக்டர் பஞ்சாபகேசன் வெங்காயம்கூடச் சாப்பிட மாட்டார். மாட்டிறைச்சிப் பெருக்கத் திட்டத்துக்கு அரசாங்கம் அவரைத்தான் தலைவராகப் போட்டிருந்தது. கல்பாத்தியிலிருந்து பஸ் ஏறி, கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வருவார். மழையோ வெயிலோ, மாட்டுக்கும் தமக்கும் நடுவில் ஒரு குடையை விரித்துப் பிடித்திருப்பார்.

திட்டம் தொடங்கிய அன்று ஊரைக் கூட்டிப் பேசினார்.

"கேளுங்கோ. கன்னுக்குட்டி வளர்றதுக்கு ரெண்டு விஷயம்தான் முக்கியம். ஒண்ணு இனம். இன்னொண்ணு ஆரம்ப எடை. தொடங்கறச்சே எது கனமா இருக்கோ, அதுதான் மளமளன்னு வளரும். இது விஞ்ஞானம்!"

போட்டி இரண்டு கன்றுகளுக்கு. இடுக்கி மலைப் பண்ணையிலிருந்து லாரியில் வந்த சுவிஸ் கலப்புக் கன்று ஒன்று. ஊர் சார்பில் குப்பண்ணன் கொடுத்த நாட்டுக் கன்று, செவலை, மற்றொன்று. இரண்டுக்கும் நாலு மாதம் ஒரே தீனி; எது அதிகமாக எடை கூடுகிறதோ அது ஜெயிக்கும். செவலை தோற்றால், நாட்டு இனம் உதவாது என்று முடிவாகும். ஊரிலுள்ள நாட்டுக் காளைகளுக்கெல்லாம் காயடித்துவிடுவார்கள். ஊரில் இருந்ததே ஒரு காளைதான். குப்பண்ணனின் மயிலை. சுற்றுவட்டாரப் பசுக்கள் அதைத் தேடித்தான் வரும். குப்பண்ணன் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிந்தது.

டாக்டர் பேசியதை ஊரில் ஒருவர்தான் கவனமாகக் கேட்டார். அது குப்பண்ணன். வினை அங்கேதான் பிடித்தது. கனமாகத் தொடங்கினால்தான் வளருமா? சரி, கனமாகவே தொடங்கட்டும். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு விற்கிறவர்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். தவிட்டில் உப்பை அள்ளிப் போட்டு ஊட்டினார். தாகம் தாங்காமல் தவித்த கன்றைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். செவலை வயிறு முட்டக் குடித்து, பானைபோல அசைந்து எடைமேடை ஏறியது. ஒரு பகல் முழுக்க லாரியில் குலுங்கி வந்த கலப்புக் கன்று வெறும் வயிற்றோடு ஏறியது.

செவலைதான் கனம். குப்பண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

நாலு மாதம் போனது. "கடைசி எடைக்கு முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து ரெண்டுக்கும் தண்ணி காட்டப்படாது," என்று டாக்டர் உத்தரவு போட்டார். முதல் எடையின்போது இந்த விதி எங்கே போயிருந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை. கன்றுகளைக் கொட்டகையில் பூட்டிச் சாவியையும் கொண்டுபோனார்.

குப்பண்ணன் கொட்டகைப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வீடு வந்தார்.

"ஏனுங்க, மூஞ்சி எதுக்கு இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்றாள் அவர் மனைவி கமலாத்தாள்.

"அன்னைக்கு எடை நின்னதுல பாதி தண்ணி புள்ள. நாளைக்கு வெறும் வகுத்தோட ஏறப் போவுது. செவலை வளரவே இல்லைன்னு எழுதிப்போடுவாங்க."

"டாக்டருகிட்டப் போயி உள்ளதைச் சொல்லிப்போடுங்க."

"என்னன்னு சொல்றது? கெவருமெண்ட்டுக்கே தண்ணி காட்டுனேன்னா? காளைக்குப் பதிலா என்னயப் புடிச்சுக் கட்டிப்போடுவான்."

அது வெறும் பேச்சில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஆண்பிள்ளைகள் கரும்புக் காட்டுக்குள் இறங்கி ஒளிந்த எழுபத்தாறாம் வருஷம் அது. மனிதர்களுக்கே குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கு யார் வாதாடுவது?

குப்பண்ணன் பயந்தபடியேதான் ஆயிற்று. கலப்புக் கன்று பூரித்திருந்தது. செவலை அரைக்கால் வாசிதான் கூடியிருந்தது. "பார்த்தேளா! இனம்னா இனம்தான்!" என்று டாக்டர் குடையை ஆட்டினார். மறுநாள் காலை துறை இயக்குநரே வருகிறார், காயடிக்கிற இடுக்கியும் கூட வருகிறது என்று அறிவித்தார்.

விடிந்ததும் குப்பண்ணன் மயிலையை அவிழ்த்தார். கமலாத்தாள் பின்னால் ஓட்டினாள். எல்லையைத் தாண்டிவிட்டால் பொள்ளாச்சியில் அவள் அண்ணன் வீடு இருக்கிறது. கேரளத்து இடுக்கி அங்கே செல்லாது.

எல்லைச் சாவடியில் காவலர் குஞ்சு முகம்மது தடியைக் குறுக்கே நீட்டினார். மாட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஆள்.

"எங்கே ஓட்டுறே?"

"சந்தைக்குங்க."

குஞ்சு முகம்மது மயிலையைச் சுற்றி வந்தார். "அங்கேயிருந்து இங்கே வர்ற மாட்டைத்தான் நான் பார்த்திருக்கேன். இங்கேயிருந்து போறது இதான் முதல். அதுவும் வயிறு ஒட்டிக் கிடக்கு! உப்புத் தவிடு வைக்காம எவன்டா சந்தைக்கு மாடு ஓட்டுவான்? திருட்டு மாடுதானே?"

குப்பண்ணன் அப்போதுதான் மயிலையின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். வேண்டாத அன்றைக்குக் கன்றுக்குத் தண்ணீர் காட்டினார். வேண்டிய இன்றைக்கு, அவசரத்தில், காளைக்குக் காட்டவில்லை.

"ஐயோ, இங்க வந்து காட்டலாமுன்னு ஓட்டியாந்தோமுங்க," என்றாள் கமலாத்தாள். சாவடித் தொட்டிப் பக்கம் மயிலையை இழுத்தாள். "குடி சாமி, குடி."

மயிலை மூக்கை நனைத்துப் பார்த்து யோசித்தது. பிறகு நிதானமாக உறிஞ்சத் தொடங்கியது. வயிறு மெல்ல மெல்ல உருண்டது. அதற்குள் பொள்ளாச்சி ரோட்டில் ஜீப் சத்தம். குப்பண்ணனின் கால்கள் கரும்புக் காட்டைத் தேடின, சுற்றிலும் பொட்டல்.

கோயம்புத்தூரில் ரயிலிறங்கிய இயக்குநரை அழைத்துக்கொண்டு டாக்டர் இந்த வழியாக வருவார் என்று யார் கண்டது? ஜீப் நின்றது. டாக்டர் குடையோடு இறங்கினார். குப்பண்ணனைப் பார்த்தார், மயிலையைப் பார்த்தார், முகம் சிவந்தார். வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் இறங்கிவிட்டார்.

தண்ணீர் நிறைந்த மயிலை வெயிலில் பளபளத்து நின்றது.

"எந்தொரு உருப்படி!" என்றார் இயக்குநர். "இது நம்முடெ கலப்பினமல்லே, டாக்டரே?"

மயிலையின் முதுகில் பலாக்காய் அளவுக்குத் திமில். சுவிஸ் ரத்தம் கலந்த மாட்டுக்குத் திமில் அமுங்கிப்போகும் என்று கொட்டகை பெருக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். டாக்டர் திமிலைப் பார்த்தார். இயக்குநரின் நெற்றியைப் பார்த்தார். 'இல்லை சார், நாட்டுக் காளை' என்றால் தமது அறிக்கையும் போச்சு, பெரியவர் கண்ணும் தப்பு. விஞ்ஞானம் அவர் தொண்டையில் ஒரு முறை ஏறி இறங்கியது.

"ஆமாம் சார். நம்ம கலப்புதான்."

"பின்னே? இவனையே ஊருக்குப் பொலிகாளையாக்கணும். இவனெ ஆரும் தொடருது!"

யாரும் தொடக்கூடாதாம். குப்பண்ணன் கும்பிட்ட கையை இறக்காமலே நின்றார், அதை இயக்குநர் பக்தி என்று எடுத்துக்கொண்டார். குஞ்சு முகம்மது தடியை ஒதுக்கி, தொண்டையைச் செருமி, பொள்ளாச்சி மலைப்பக்கம் பார்த்து நின்றார்.

மயிலை வந்த வழியே திரும்பியது. பயமும் கூடவே திரும்பியது. அன்று முதல் ஜீப் சத்தம் கேட்டால் குப்பண்ணன் கரும்புக் காட்டுக்கு ஓடுவதில்லை. முதலில் தொழுவத்துக்கு ஓடி, காளையின் திமில்மேல் ஒரு கோணியைப் போர்த்திவிட்டு, அதன் பிறகுதான் ஓடுவார்.