இரண்டு போன், ஒரு முகம்

அந்தக் குடியிருப்பில் அவரைப் போன்காரர் என்பார்கள். அவர் போன் விற்பவரும் இல்லை, பழுது பார்ப்பவரும் இல்லை. புதிதாக வருகிற போன்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது தேவலை என்று ஓர் இணைய இதழில் எழுதுவது அவர் வேலை. பதினான்கு வருடமாக இதையேதான் செய்கிறார். மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக ஒரு வீடு. சாப்பாட்டு மேசை நிறைய வயர்கள். அதில் தட்டு வைக்க ஒரு ஓரம் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு ஆளுக்கு அது போதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டு பெரிய கம்பெனிகளும் ஒரே வாரத்தில் இறக்கிய, அந்தந்தக் கம்பெனியின் ஆகப் பெரிய போன்கள். பெயரைச் சொன்னாலே ஏதாவது ஒரு பக்கத்து ஆட்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் அவர் தன் குறிப்பேட்டில் நிறத்தை வைத்தே எழுதினார்: கறுப்பு, பச்சை.

ஒரு போனோடு குடித்தனம் நடத்தாமல் அதைப் பற்றி எழுதக்கூடாது என்பது அவர் கட்சி. அதனால் தன்னுடைய பழைய படங்கள், எண்கள் எல்லாவற்றையும் இரண்டிலும் ஏற்றினார். சட்டையின் இடது பையில் ஒன்று, வலது பையில் ஒன்று. ஒரே தெருவில் இரண்டையும் வைத்துக்கொண்டு நடந்தார். லிப்டுக்குள் எதில் சிக்னல் முதலில் போகிறது என்று பார்த்தார். பேட்டரி சாகும்வரை ஒரே படத்தைச் சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கறுப்பு பதினாறு மணி நேரம் தாங்கியது. பச்சை அதைவிட இருபது நிமிடம் கூடுதல். வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

வியாழக்கிழமை இதழின் ஆசிரியை கூப்பிட்டாள்.

"சார், இந்தத் தடவை பூச்சாடி போட்டோ வேண்டாம்."

"ஏன், பூச்சாடிக்கு என்ன?"

"ரெண்டு கம்பெனியும் முகம் எடுக்கறதைத்தான் சொல்லிச் சொல்லி விக்கிறாங்க. மனுஷ முகம் வேணும் சார். தோலு, முடி, சிரிப்பு எல்லாம் தெரியணும்."

"என் முகத்தையே எடுத்துடறேன்."

"உங்க தாடிக்குள்ள தோலை எங்க சார் போய்த் தேடறது? வேற யாராவது பாருங்க."

யாராவது என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டு வருடம் அந்த முகம் அவர் மனைவியுடையதாக இருந்தது. கூடத்து ஜன்னலை ஒட்டி ஒரு மர நாற்காலி. காலை பத்திலிருந்து பதினொன்று வரை அங்கே ஒரு மென்மையான வெளிச்சம் விழும். எந்தப் போன் வந்தாலும் அவள் அந்த நாற்காலியில் வந்து உட்காருவாள். "அடுப்புல பால் இருக்கு, சீக்கிரம் எடுங்க" என்பாள். அவசரத்தில் பாதிச் சிரிப்போடுதான் எல்லாப் படங்களிலும் இருப்பாள். வாசகர்கள் அவளுக்கு ஜன்னல் அக்கா என்று பெயர் வைத்தார்கள். போனைவிட அவளுக்கு ரசிகர்கள் அதிகம் என்று ஆசிரியையே கிண்டல் செய்வாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாதாரணக் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, ஒன்பதே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அந்த நாற்காலியில் பூச்சாடி உட்கார்ந்தது. ஜன்னல் அக்கா எங்கே என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் எழுதவில்லை. கேட்பவர்களும் மெல்ல ஓய்ந்துபோனார்கள்.

குடியிருப்பின் காவல்காரரைக் கேட்டுப் பார்த்தார். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார், ஆனால் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்றார். தொப்பி நிழலில் மூக்கு நுனிதான் தெரிந்தது. பிறகு போன்காரர் தன் போனில் இருந்த எண்களை மேலிருந்து கீழாக ஓட்டினார். நானூற்றுச் சொச்சம் பேர். கேஸ்காரர், லிப்ட் மெக்கானிக், கம்பெனிகளின் விளம்பர ஆட்கள். வேலை இல்லாமல் சும்மா கூப்பிடக்கூடிய ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியில் விரல் 'சின்னவள்' என்ற பெயரில் நின்றது.

சின்னவள் அவருடைய மச்சினி. மனைவியைவிட நாலு வயது இளையவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறாள். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக் கட்டுப்பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இழைத்துக் கொடுப்பது அவள் வேலை. அக்கா போன பிறகு அவள் இவரைப் பலமுறை கூப்பிட்டாள். இவர் எடுக்கவில்லை. எடுத்தால் அழ வேண்டியிருக்கும், அல்லது ஆறுதல் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்தார். ஒரு கட்டத்தில் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

'ஒரு போட்டோ எடுக்கணும். வேலை விஷயம். வர முடியுமா?' என்று அனுப்பினார். அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தபோது, இரண்டு வருடம் கழித்து அனுப்புகிற செய்தியா இது என்று அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'எப்ப?'

சனிக்கிழமை காலை பத்துக்கு முன்பே வந்துவிட்டாள். முடியைக் கழுத்துவரை குட்டையாக வெட்டியிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே வீட்டை ஒரு நோட்டம் விட்டாள்.

"என்ன அத்தான், வீட்ல மனுஷன் நடக்க இடமே இல்ல?"

"வயரை மட்டும் மிதிக்காம வா."

"நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டீங்களா?"

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். அவர் காபி போடப் போனார். பால் தீர்ந்திருந்தது. கறுப்புக் காபியைக் குடித்துவிட்டு அவள் ஜன்னல் நாற்காலிக்குப் போனாள். பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் கறுப்பில் எடுத்தார். பிறகு நின்ற இடம் மாறாமல் பச்சையில். நேராக, பக்கவாட்டில், சிரித்து, சிரிக்காமல். பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டு போனையும் அவளிடமே கொடுத்தார்.

"நீயே பாரு. உனக்குத்தான் நிறம் பிரிச்சுப் பாக்கற கண்ணு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, லேபில் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கினாள்.

"பச்சை பொய் சொல்லுது. என் பல்லு ரெண்டு ஷேடு வெளுத்துப்போச்சு. இப்படி ஒரு பல்லு செஞ்சு குடுத்தா டாக்டர் மூஞ்சியிலேயே எறிவாரு."

"தோலு?"

"தோலை இழைச்சு விட்டிருக்கு. முப்பத்தஞ்சு வயசுக்காரி மாதிரி இருக்கேன். இதை வாங்கறவங்க சந்தோஷமா வாங்குவாங்க." கறுப்பைப் பார்த்தாள். "இது நான்தான். கண்ணுக்குக் கீழ பை எல்லாம் அப்படியே இருக்கு. கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்."

அவர் சிரித்தார். சிரித்து நாளாயிற்று என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

பச்சையில் விரலை ஓட்டியபடி இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அந்தப் போனில் ஒரு வசதி உண்டு. படங்களில் இருக்கிற முகங்களை அதுவே அடையாளம் கண்டு, ஆள்வாரியாகப் பிரித்து வைக்கும். மனைவியின் முகத்துக்கு அவர் தன் பழைய போனில் பல வருடம் முன்பே ஒரு பெயர் கொடுத்திருந்தார்; படங்களோடு அதுவும் இதில் ஏறியிருந்தது. அவள் எண்ணைப் போனில் எந்தப் பெயரில் வைத்திருந்தாரோ அதே பெயர். திரையில் இப்படி இருந்தது:

வீடு. 2,316 படங்கள். கடைசிப் படம்: இன்று, 10:42.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். 'இன்று' என்ற சொல்லின் மேல் கண் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அது தப்பு என்று புரிவதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம், அவர் உடம்பு முழுக்க அதை நம்பிவிட்டது. பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கறுப்பில் பார்த்தார்கள். அது தானாக முடிவு செய்யவில்லை. சின்னவளின் புதுப் படத்தையும் அக்காவின் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து, 'இருவரும் ஒருவரா?' என்று கேட்டிருந்தது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

"இல்லைன்னு போடுங்க" என்றாள் சின்னவள். அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தான், இல்லைன்னு போடுங்க. எனக்கு மட்டும் கண்ணாடியில தெரியாதா? தினமும் பல்லு விளக்கறப்போ அக்கா எதிர்ல நிக்கறா. அதனாலதான் முடியை வெட்டித் தொலைச்சேன்."

"எனக்குத் தெரியாது."

"எப்படித் தெரியும்? போனை எடுத்தாத்தானே? உங்களுக்கு ஆறுதல் சொல்லவா கூப்பிட்டேன்? எனக்குச் சொல்ல ஆள் இல்லாமத்தான் கூப்பிட்டேன். உங்களுக்குப் பொண்டாட்டி போனா. எனக்கு அக்கா போனா. அவளோட சின்ன வயசைத் தெரிஞ்ச ஆளு இனிமே நான் ஒருத்திதான். அவளோட மீதிக் காலத்தைத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க என்னடான்னா கதவைச் சாத்திக்கிட்டீங்க."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. "தப்புதான்" என்று மட்டும் வந்தது. கறுப்பில் 'இல்லை'யை அழுத்தினார்.

பச்சையில் ஒவ்வொன்றாகக் கையால்தான் நீக்க வேண்டும். அவர்கள் தரையில் உட்கார்ந்து, போனை நடுவில் வைத்துக்கொண்டு, இன்றைய படங்களை அந்தப் பெயரிலிருந்து நீக்கினார்கள். நீக்கி முடித்ததும் சின்னவளுக்குச் சந்தேகம் வந்தது. "இன்னிக்குத் தப்பு பண்ணினது நேத்தும் பண்ணியிருக்குமே?" என்று பழைய படங்களுக்குப் போனாள். அவள் சொன்னது சரி. உறவினர் வீடு, பூங்கா, யாரோ ஒருவருடைய பிறந்தநாள் என்று பல இடங்களில் அது தங்கையை அக்காவாக எண்ணியிருந்தது.

"இது நான். இதுவும் நான். இது அக்கா, கம்மலைப் பாருங்க. இது நான்."

எண்ணிக்கை இரண்டாயிரத்து முந்நூறுக்குக் கீழே இறங்கியது. பிறகு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது. ஒவ்வொரு படம் போகும்போதும் அவருக்குள் என்னவோ உருவியெடுப்பதுபோல இருந்தது. புதிதாக ஒன்றும் சேரப்போவதில்லை என்று ஆன பிறகு, இருப்பதும் குறைகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. போதும், விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தபோது அந்தப் படம் வந்தது.

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிற பெண். காற்றில் முடி பறந்து முகத்தில் பாதியை மறைத்திருந்தது. நீலக் கம்பளிச் சட்டை. இந்த இரண்டு வருடத்தில் அவர் மிக அதிகமாக எடுத்துப் பார்த்த படம் அதுதான்.

"இதுவும் நான்தான்" என்றாள் சின்னவள்.

"இல்ல. இது அவ. அவ சட்டை."

"சட்டை அவளோடது. குளிருதுன்னு எனக்குக் கழட்டிக் குடுத்தா. நீங்க அன்னிக்கு வரல, ஊர்ல ஏதோ போன் விழான்னு போயிட்டீங்க. அவ உங்க பழைய போனைத்தான் கொண்டு வந்திருந்தா. 'ஆடாம நில்லுடி, முடியை ஒதுக்கு'ன்னு கத்தினா. காத்துல எங்க ஒதுக்கறது?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அந்தப் பெண்ணிடம் மனசுக்குள் எவ்வளவோ பேசியிருக்கிறார். கேட்டது யார் என்று இப்போது தெரியவில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. சின்னவளும் அழுதாள். இரண்டு பேரும் வயர்களுக்கு நடுவில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு அழுதார்கள். பிறகு அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அந்தப் படத்தை நீக்க வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

"இல்ல" என்றார் அவர். "உன் பேர்ல போடறேன். எடுத்தது உங்க அக்கான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

பகல் ஒன்றரைக்கு அவள் கிளம்பினாள். லேபில் ஒரு வேலை பாதியில் இருந்தது. பஸ் நிறுத்தம்வரை கூடப் போனார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் கையை அசைத்தாள். இவரும் அசைத்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு எப்போதும்போல இருந்தது. சொல்லப்போனால், காலையில் ஒரு குரல் இருந்ததால் இப்போது முன்னைவிட அமைதி கூடியிருந்தது.

கட்டுரையை ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தார். பேட்டரியில் பச்சை, நிறத்தில் கறுப்பு, திரையில் இரண்டும் சமம் என்று எல்லாம் எழுதினார். முடிவாகக் கறுப்புக்கு ஒரு மயிரிழை முன்னிலை கொடுத்தார். தெரியாததைத் தானாக முடிவு செய்யாமல் கேட்கிற போன் அது என்று காரணம் எழுதினார். ஆசிரியை கூப்பிட்டாள்.

"அந்த ஒரு வரி புரியல சார். எடுத்துடவா?"

"எடுத்துடும்மா."

கட்டுரை வந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் அடித்துக்கொண்டார்கள். அவர் திருத்திய படங்களைத் தன் பழைய போனுக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு போனிலும் இருந்ததை எல்லாம் அழித்து, பெட்டியில் போட்டு, கம்பெனிகளுக்குத் திருப்பி அனுப்பினார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவருக்கு எந்த வேலையும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த பல் லேபைக் கண்டுபிடித்தார். உள்ளே ஒரே வெள்ளைத் தூசி. சின்னவள் முகமூடியோடு விளக்கடியில் குனிந்து, ஒரே ஒரு பல்லைச் சாணையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் மெஷினை நிறுத்தினாள்.

"என்ன அத்தான், போட்டோவா?"

"இல்ல. சும்மா."

அவள் காலால் ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"உக்காருங்க. இதை முடிக்க அரை மணி நேரம் ஆகும்."

மெஷின் மறுபடி இரைய ஆரம்பித்தது. அவர் முக்காலியில் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.