முன்னுக்குப் பின்னாக மாட்டிய பிரேக் கட்டை

அந்தப் பழைய காருக்குக் 'கிழவி' என்று பேர். கிழவி இப்போது மூக்கு நசுங்கி மெக்கானிக்கின் பட்டறையில் நின்றாள். வண்டி அவனுடைய அக்கா வீட்டுக்காரருடையது. பத்து நாளுக்கு முன் இறக்கத்தில் நிற்காமல் போய்ச் சுவரில் முட்டிவிட்டது. அக்காவுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்காரு இந்த மனுஷன்!" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்காவுக்கு இதே பேச்சு. மாமாவும் பாவம், தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

அன்று காலை முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மை உருவியதும் மெக்கானிக் விளக்கை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தான். உள்ளே இரண்டு பிரேக் கட்டைகள். மேலே ஒட்டிய லைனிங் பட்டை குட்டையாக இருப்பது முன்பக்கம் வரவேண்டும், நீளமானது பின்பக்கம். இங்கே தலைகீழாக இருந்தது. அப்படி மாட்டினாலும் பொருந்தும், மெதுவாகப் போனால் நிற்கவும் செய்யும். பாரத்தோடு இறக்கத்தில் போனால்தான் கைவிட்டுவிடும்.

மறுபக்கமும் அதே கதி. ஒரு சக்கரத்தைப் பிரித்தால் மற்றதைத் தொடாதே, அதைப் பார்த்து இதை மாட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவனே அவன்தான், கண்ணுகளா. போன மாதம் பிரேக்கைப் புதுப்பித்தபோது, "கண்ணைக் கட்டிக்கிட்டே மாட்டுவேன் மாமா" என்று ஜம்பமாக இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டான். ஒன்றைத் தப்பாக மாட்டி, அதைப் பார்த்தே அடுத்ததையும் மாட்டியிருக்கிறான்.

மாற்றிப் போட அரைமணி நேரம் போதும். ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது. கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைக்கூடக் கழற்றிவிட்டான். அப்போதா அக்காவும் மாமாவும் வந்து நிற்க வேண்டும்?

"சரி பண்ணி வித்துடு மாப்ளே," மாமா சாவியை நீட்டினார். "நேத்து மாடிப்படி இறங்கவே பயமா இருந்துச்சு. என் காலை நானே நம்பல."

"இனிமே பஸ்தான். அதுலயும் டிரைவர் பக்கத்துல உட்கார விடமாட்டேன்," என்றாள் அக்கா.

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மாமா, நீங்க பிரேக்கைத்தான் மிதிச்சீங்க. நான்தான் கட்டையை முன்னுக்குப் பின்னா மாட்டிட்டேன். ரெண்டு பக்கமும்."

மாமா கீழே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டட்டும், ஓங்கி ஒன்று வைக்கட்டும் என்று அவன் குனிந்தபடி நின்றான்.

"அழுத்தித்தான் மிதிச்சேன் மாப்ளே," என்று மாமா வலது முழங்காலைத் தடவினார். "நல்லா ஞாபகம் இருந்துச்சு. இவ சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாயிடுச்சு."

தம்பியை ஏச வாயெடுத்த அக்கா மாமா பக்கம் திரும்பினாள். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு போய், டயரில் மிச்சமிருந்த இடத்தில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.