மெஷின் பார்க்காத கண்

மூச்சு மெஷின் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு தர்மலிங்கம் ஆஸ்பத்திரியில் காத்திருந்தான். முகமூடிப் பட்டை அழுத்திய தடம் இரு கன்னத்திலும் சிவந்து கிடந்தது. பக்கத்தில் அவன் மனைவி ரமணி. கூலிம் ஹைடெக் பூங்காவில் ராத்திரி ஷிப்ட் முடித்து, சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

அவள் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸைத்தான் அவன் ஓட்டுகிறான். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வரும் நோய். மெஷினை ஒழுங்காக மாட்டினால்தான் ஸ்டீரிங்கைத் தொடலாம் என்று பஸ் கம்பெனி சொல்லிவிட்டது.

"உள்ள போயி நீ வாயத் தொறக்காத," என்றான் அவளிடம்.

"ஏன், நான் பொய்யா சொல்லப் போறேன்?"

"சொல்ல மாட்டியே, அதுக்குத்தான் பயப்படுறேன்."

டாக்டர் ஷீலா மெஷின் கார்டைக் கணினியில் செருகிப் பார்த்தாள். "பாகூஸ், ரொம்ப நல்லது அண்ணே! போன தடவ போடவே இல்ல. இப்ப தினமும் போட்டிருக்கீங்க. வண்டி ஓட்டலாம்னு எழுதித் தரேன்."

"டாக்டர், இவரு தூங்குறாரான்னு கேக்கலியே?" என்றாள் ரமணி.

தர்மலிங்கம் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான்.

"மெஷின் ஓடியிருக்கே அக்கா?"

"மெஷின் ஓடுது. இவரு கண்ணு மூடல. ஒரு வாரம் விடியக்கால ட்ரிப், மறுவாரம் ராத்திரி ட்ரிப். படுத்தா பொரண்டுக்கிட்டே கெடக்காரு. தூக்கமே வராதவரு மூஞ்சில காத்து அடிச்சா தாங்குமா? கழட்டி எறிஞ்சாரு. நீங்க திட்டுனீங்க. இப்ப யானை மாதிரி தும்பிக்கைய மாட்டிக்கிட்டு சோபாவுல குந்தி டிவி பாக்குறாரு. அதைத்தான் உங்க மெஷின் எண்ணுது!"

டாக்டரின் பேனா நின்றது. "தூக்கம் வராததுக்கு வேற கிளினிக் அனுப்பணும். அங்க டேட் கெடைக்க மாசக்கணக்கு ஆகும். அது வரைக்கும் ஓட்டக் கூடாதுன்னுதான் எழுத முடியும். எழுதவா அண்ணே?"

"அவ ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்திருக்கா, டாக்டர்," தர்மலிங்கம் சிரித்தான். "தூக்கக் கலக்கத்துல ஒளர்றா."

வெளியே வரிசை கதவைத் தாண்டி நின்றது. டாக்டர் ரமணியைப் பார்த்தாள். ரமணி தரையைப் பார்த்தாள். பேனா மறுபடி ஓடியது.

வாசலிலேயே பஸ் கம்பெனி சூப்பர்வைசர் குணாளன் போனில் வந்தான். "மெஷின் ஓகேதானே அண்ணே? அப்ப பாடாங் மேஹா லைனையும் நீங்களே எடுத்துக்குங்க லா."

"தம்பி, ஒரே நேரமா ஷிப்ட் குடுத்தீன்னா..."

"அதான் நல்லாயிட்டீங்களே! அப்புறம் என்னண்ணே?"

மறுநாள் காலை பஸ் லூனாஸ் பக்கம் திரும்பியது. ராத்திரி ஷிப்ட் முடிந்த பெண்கள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். ரமணி மட்டும் உட்காரவில்லை. டிரைவர் சீட்டை ஒட்டியிருந்த கம்பியைப் பிடித்து நின்றாள்.

"போயி உக்காரு. ராத்திரி பூரா நின்ன காலு."

"உக்காந்தா தூங்கிருவேன். அப்புறம் உங்கள யாரு பாக்குறது? நேத்து ஒளர்றான்னு சொன்னீங்கல்ல, இப்ப ஒளர்றேன், கேளுங்க. என்ன கொழம்பு வேணும்?"

"மீனு."

"என்ன மீனு?"

அவன் தலை ஸ்டீரிங் பக்கம் சரிந்தது. பஸ் மெல்ல வெள்ளைக் கோட்டின் மேல் ஏறியது.

"யோவ்! என்ன மீனு?"

"கெம்போங் மீனு," என்று உதறி நிமிர்ந்தான்.

ரமணி எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கம்பியில் தட்ட ஆரம்பித்தாள். டிங், டிங், டிங். பின்னால் ஒரு தலையும் நிமிரவில்லை. அவள் கை டப்பாவை நிறுத்தாமல் தட்டியது. அவள் இமைகள் மட்டும் மூடி மூடித் திறந்தன.